ஆடி வாடகை

ஆடியில் முகூர்த்தம் இல்லை.
அதனால்தான் வாலாஜாப்பேட்டையில்
இந்தக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்
கால்வாசி வாடகைக்குக் கிடைத்தது.
ஆவணி நாலாம் தேதி முதல் பந்தி,
அதற்குள் பசை வாடை போயிருக்க வேண்டும்
என்பதுதான் மேனேஜரின் ஒரே நிபந்தனை.
வால் பக்கமாக எட்டிப் பார்த்து
"படகா?" என்றார்.
ஆமாம் என்றான் சம்பங்கி.
"பாலாத்துக்கா?" என்று சிரித்தபடி போய்விட்டார்.

இலை போடும் மேசைகள் நான்கைச் சேர்த்து
அதன்மேல் கிடத்தியிருந்தோம்:
மூன்று வருடத்துக் குழாய்கள்,
நூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள்,
பச்சை பிரைமர் பூசிய எலும்பு.

எனக்கு வேலை ராணிப்பேட்டையில்,
பாய்லர் வெல்டுகளைப் படம் எடுப்பது.
இரும்புக்குள் ஒளிந்த காற்றைக்
கண்டுபிடித்தால்தான் சம்பளம்.
சம்பங்கியின் நாற்பத்தொன்றாம் இணைப்பில்
கடுகளவு ஓட்டை ஒன்றைக் காட்டியபோது
மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை.
நான்காம் நாள் அறுத்தெறிந்து புதிதாய் வைத்தான்.
அதையும் படம் எடுத்தேன். சுத்தம்.
இருந்தும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம்
என் விரல்
ஒருமுறை தடவிவிட்டுத்தான் நகரும்.

நூருன்னிஸா மேல்விஷாரத்திலிருந்து
ஞாயிறுகளில் மட்டும் வருவாள்.
ஷூ கம்பெனியில் பதினாறு வருடம் தோல் வெட்டியவள்.
துணியை விரித்து முகர்ந்தாள்.
"பாலியெஸ்டர்" என்று உதட்டைப் பிதுக்கினாள்.
பிறகு சாக்பீஸ் கோடு ஒன்றுகூடப் போடாமல்
தோளிலிருந்து வால்வரை
ஒரே வெட்டு.

பசை. கவ்விகள். காத்திருத்தல்.
அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்ட பையன் மாதிரி
தொளதொளவென்று நின்றது.

இஸ்திரிப் பெட்டியின் குமிழை நம்பக் கூடாது.
வெப்பமானி வைத்துப் பார்த்தே தொட்டோம்.
நூற்றிருபது பாகையில் பெரிய மடிப்புகள் போயின.
நூற்றைம்பதில் சின்னச் சுருக்கங்கள்.
நூற்றெழுபத்தைந்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்,
மிஞ்சினால் துணி தளர்ந்துவிடும்.
துணி இழுத்து இரும்பு வளையுமா
என்று கேட்டான் சம்பங்கி.
வளையும். மெலிந்த இடத்தில் வளையும்.

நூருன்னிஸா தர்பூசணி வாங்குகிறவள் மாதிரி
விரல் முட்டியால் தட்டிக்
காது வைத்தாள்.
உள்ளிருந்து பதில் வந்தது.
ச்சிக், ச்சிக், ச்சிக்.

பல்லி.

எந்தத் திசையில் சொன்னது என்று
போனில் பஞ்சாங்கம் தேடினான் சம்பங்கி.
"செத்தா நாறும்" என்றாள் நூருன்னிஸா.
நான் துணியில் காதை ஒட்டிக்கொண்டே நடந்தேன்.
சத்தம் நின்ற இடம், நான் நின்ற இடம்,
நாற்பத்தொன்று.

வரைபடத்தில் அங்கே ஓட்டை கிடையாது.
ஆனாலும் பிளாஸ்டிக் வளையம் ஒன்றை ஒட்டி,
காய்ந்ததும் உள்வட்டத்தை அறுத்தேன்.
டார்ச் தேவைப்படவில்லை.
உள்ளே வெள்ளையாய் ஒரு பகல்.
மீன் செதில் அடுக்கியதுபோல் அந்த வெல்டு,
நான் கடைசியாகப் பார்த்த மாதிரியே.
பல்லியைத்தான் காணோம்.

இரவு முழுக்க ஓட்டையைத் திறந்தே விட்டோம்.
காலையில் சமையற்கட்டுச் சுவரில் ஒரு பல்லி.
அதுதானா தெரியாது,
பல்லிகளுக்கு நாங்கள் நம்பர் போடவில்லை.
மூடியைப் பொருத்தினேன். கையால் திருகினால் கழலும் மூடி.
சம்பங்கி பார்த்துக்கொண்டிருந்தான்.
அது பல்லிக்கான வாசல் இல்லை என்று
அவனுக்குத் தெரியும்.
இந்த முறை பேச்சை நிறுத்தவில்லை,
டீ வாங்கி வந்தான்.

ஆடியின் கடைசி நாள்
பந்தி பரிமாறும் ஆட்கள் ஆறு பேர் தூக்கினார்கள்.
ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், பார்த்து, என்றார் ஒருவர்.
பட்டறை வாசலில் எத்தனையோ முறை
இதே உடம்பை வெளியே வைத்திருக்கிறோம்.
காற்று குழாய்களுக்கு நடுவே புகுந்து
அதன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

இன்று நின்றது.
விலாவில் தோள் கொடுத்துத் தள்ளியது.
ஆறு பேரும் இரண்டடி ஒதுங்கி
வாழைமரம் கட்டும் தூணில் முட்டிக்கொண்டு
சிரித்தார்கள்.

சாவியோடு வந்த மேனேஜர்
கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.

"இது படகு இல்ல" என்றார்.